19 கணினிகளுக்கு எந்த வைரஸ் கார்ட் வாங்கலாம்?

கிளிநொச்சி மாவட்டத்தில் குடும்பத்தார் சேர்ந்து நடத்தும் அரிசி ஆலை ஒன்றில் கணக்குப் பிரிவைப் பார்க்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆலை பரந்தனில் இருக்கிறது. தலைமை அலுவலகம் கிளிநொச்சி நகரில். உரமும் விதைநெல்லும் விற்கும் கிளைகள் மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும். எல்லாமாக 19 கணினிகள். அலுவலக மூலையில் இருக்கும் ஒன்றைச் ‘சேர்வர்’ என்று அழைக்கிறார்கள். கணக்கு மென்பொருளும், விவசாயிகளின் அடையாள அட்டை இலக்கங்களும், வங்கிக் கணக்கு விவரங்களும் அதில்தான் இருக்கின்றன.

கடந்த காலபோக அறுவடை நேரம், மல்லாவியிலிருந்து வந்த ஒரு பென்ட்ரைவால் ஆலைக் கணினிகளில் கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிகளாக மாறிவிட்டன. இரண்டு நாள் நெல்லுக்குப் பணம் கொடுக்க முடியவில்லை. உழவு இயந்திரப் பெட்டிகளோடு விவசாயிகள் வாசலில் காத்து நின்றிருக்கிறார்கள். இப்போது ஆளுக்கொரு யோசனை. உரிமையாளரான தாய்மாமா, எல்லாக் கணினிகளையும் ஒரே திரையில் காட்டும், பெரிய நிறுவனம் ஒன்றின் வைரஸ் தடுப்பு மென்பொருளை வாங்கிவிடலாம் என்கிறார். கொழும்பு விற்பனை முகவர் மூன்று ஆண்டுக்கு விலை எழுதி அனுப்பியும்விட்டார். நகரில் கணினி திருத்தும் தம்பி இலவசமானதையே எல்லாவற்றிலும் போட்டுத் தருகிறேன் என்கிறார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் உறவுப் பையனோ விண்டோஸோடு வருவதே போதும் என்கிறார். ஊழியர்களுக்கு வேறு கவலை: “எல்லாம் ஒரே திரையில் தெரியுமென்றால் எங்கள் வட்ஸ்அப்பையும் முதலாளி படிப்பாரா?” வாசகியின் கேள்வி ஒன்றுதான்: எதை வாங்குவது?

அன்பின் சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது ஒரு பெயர். அதைக் கட்டாயம் சொல்வேன். ஆனால் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகள் உங்கள் கேள்வியைவிட எனக்கு அதிகக் கவலை தந்தன. ஒன்று, மல்லாவிக் கணினியில் தீபாவளிக்கு முன்பிருந்தே ஒரு சிவப்பு அடையாளம் வந்துகொண்டிருந்தது, அங்கிருக்கும் பிள்ளை தினமும் காலையில் அதை மூடிவிட்டுத்தான் சிட்டை எழுதத் தொடங்குவார் என்பது. மற்றது, யாழ்ப்பாணத்திலிருக்கும் உங்கள் கணக்காய்வாளர் இரவில் வீட்டிலிருந்தபடியே சேர்வருக்குள் வந்து வேலை செய்வதற்காக ரவுட்டரில் ‘ஒரு வழி’ திறந்து வைத்திருக்கிறீர்கள் என்பது.

மல்லாவியின் சிவப்பு அடையாளம்

கோப்புகள் அழிந்துவிட்டன என்று நினைத்து ஆலையில் இரண்டு பேர் அழுதே விட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவை அழியவில்லை. இந்த வகை வைரஸ் உண்மையான கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் குறுக்குவழிகளை உருவாக்கி வைக்கும். சின்னத்தின் இடது கீழ் மூலையில் வளைந்த அம்புக்குறி ஒன்று இருக்கும். அளவைப் பார்த்தால் ஒன்றோ இரண்டோ கிலோபைட்தான் இருக்கும். அதைச் சொடுக்கினால் முதலில் வைரஸ் ஓடும், அடுத்த கணம் நீங்கள் தேடிய கோப்புறையும் திறக்கும். தேடியது கிடைத்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. அதனால்தான் அது மல்லாவியில் எத்தனை நாள் இருந்தது என்று உங்களுக்குத் தெரியவில்லை.

நாம் வைரஸ் கார்ட் என்று சொல்லும் மென்பொருள் அந்தக் கணினியிலும் இருந்தது. உரிமக் காலம் முடிந்து, புதிய வைரஸ்களின் அடையாளப் பட்டியல் வராமல், “என்னைப் பார்” என்று அது தினமும் கத்தியது. கேட்டவர் ஒருவர், அவருடைய வேலை உரம் விற்பது. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல வேண்டாம். மேசையில் இருப்பவர் மூடிவிடும் செய்தி உங்கள் மேசைக்கும் வந்து சேர்வதற்குத்தான் மையமாக முகாமைசெய்யும் மென்பொருள் இருக்கிறது. ஒவ்வொரு கணினியிலும் ஒரு சிறு முகவர் நிரல் இருந்து, தன் நிலையை ஒரே முகாமைத் திரைக்கு அறிவித்துக்கொண்டிருக்கும். எந்தக் கணினிக்குப் புதுப்பிப்பு வரவில்லை, எதில் எந்தக் கோப்பு பிடிபட்டது, எது பல நாளாகப் பேசவே இல்லை என்பதெல்லாம் அங்கே தெரியும். பென்ட்ரைவ் செருகுவதை ஒரே விதியால் 19 கணினிகளிலும் கட்டுப்படுத்தலாம். தொற்றிய கணினியை மற்றவற்றிலிருந்து துண்டித்தும் வைக்கலாம். கடவுச்சொல் இல்லாமல் யாரும் மென்பொருளை நீக்க முடியாதபடியும் செய்யலாம்.

ஆனால் அந்தத் திரையை யாராவது பார்க்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வவுனியாவில் ஒரு வியாபார நிறுவனத்துக்கு அவசரமாகக் கூப்பிட்டார்கள். நல்ல மென்பொருள்தான், காசும் கொடுத்துத்தான் வாங்கியிருந்தார்கள். முகாமைத் திரையின் கடவுச்சொல் யாரிடம் என்று கேட்டேன். அதை நிறுவிக் கொடுத்த பையனிடம் இருந்தது; பையன் கத்தாருக்குப் போய்விட்டான். ஒருவழியாக உள்ளே போய்ப் பார்த்தால், முதல் வரியிலேயே காசாளரின் கணினி: “கடைசியாகத் தொடர்புகொண்டது 47 நாட்களுக்கு முன்.” அதற்குக் கீழே படிக்கப்படாத எச்சரிக்கைகள் வரிசையாக நின்றன.

ஆகவே எந்த மென்பொருள் என்று முடிவெடுக்க முன், தினமும் காலையில் அந்தத் திரையைப் பத்து நிமிடம் பார்ப்பவர் யார், அவர் விடுமுறையில் போனால் யார் என்று இரண்டு பெயர்களைத் தாளில் எழுதுங்கள். முதற் பெயர் உங்களுடையதாக இருக்கலாம். கணினிப் படிப்பு தேவையில்லை. பேரேட்டில் பொருந்தாத வரியைக் கண்டுபிடிக்கும் கண் போதும், அது உங்களிடம் இருக்கிறது. இரண்டு பெயர்களும் கிடைக்காவிட்டால் விலை கூடிய மென்பொருளை வாங்காதீர்கள். காசு வீண்.

வேலியில் ஒரு பொட்டு

இப்போது கணக்காய்வாளருக்குத் திறந்த வழி. நீங்கள் விவரித்த விதத்தில் அது விண்டோஸின் தொலைமேசை (ரிமோட் டெஸ்க்டொப்) வசதி. வழக்கமாக 3389 என்ற வாயில் எண்ணில் இயங்குவது. முன் படலைக்குப் புதுப் பூட்டு வாங்க விலை கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பின் வேலியில் ஆள் புகும் ஓட்டையாக ஒரு பொட்டு வைத்திருக்கிறீர்கள். இணையம் முழுவதும் இந்த வாயிலைத் தட்டிப் பார்ப்பதற்கென்றே தானியங்கி நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. நம்பிக்கை வராவிட்டால் சேர்வரில் நிகழ்வுப் பதிவைத் திறந்து, பாதுகாப்புப் பகுதியில் 4625 என்ற எண்ணைத் தேடச் சொல்லுங்கள். தோல்வியடைந்த நுழைவு முயற்சி ஒவ்வொன்றுக்கும் அந்த எண் விழும். உங்கள் அலுவலகத்தில் யாருக்கும் இல்லாத ‘அட்மின்’, ‘டெஸ்ட்’ போன்ற பெயர்களில், நள்ளிரவு நேரங்களில் முயற்சிகள் இருந்தால், அவை உங்கள் ஆட்கள் அல்ல.

முகாமையாளர் கணக்கின் கடவுச்சொல் பொருந்திவிட்டால், வந்தவர் கணினியில் எதையும் மாற்றக்கூடியவராகவே உள்ளே இருப்பார். வைரஸ் கார்ட்டை நிறுத்துவார் அல்லது நீக்குவார், பிறகு கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்பார். எந்தப் பெயருடைய மென்பொருளும் வீட்டுக்காரரையே எதிர்த்து நிற்பது கடினம். வாயில் எண்ணை மாற்றிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தேடுபவருக்குச் சில நிமிடத் தாமதம், அவ்வளவுதான். இந்த வழியை இன்றே மூடுங்கள். கணக்காய்வாளர் வரத்தான் வேண்டுமென்றால், ரவுட்டரிலேயே மறையாக்கப்பட்ட தனியார் வலையிணைப்பு (வி.பி.என்.) அமைத்து, அதன் வழியே, முகாமையாளர் அதிகாரம் இல்லாத தனிக் கணக்கில் வரட்டும். இதற்கு நீங்கள் வாங்கப்போகும் உரிமத்தில் ஒரு சதமும் தேவையில்லை.

மூன்று யோசனைகள்

தம்பியின் இலவச யோசனையில் அன்பு இருக்கிறது, அனுமதி இல்லை. அவாஸ்ட் போன்ற இலவசப் பதிப்புகள் வீட்டுப் பாவனைக்கு மட்டுமே என்று அவற்றின் உரிம ஒப்பந்தமே சொல்கிறது. வியாபாரத் தலத்தில் போடுவது ஒப்பந்த மீறல்; முகாமைத் திரையும் கிடைக்காது, மல்லாவிக் கதை திரும்பவும் நடக்கும். இலவசத்துக்கும் ஒரு விலை இருந்ததுண்டு. பாவனையாளர்களின் இணைய உலாவல் விவரங்களைத் துணை நிறுவனம் ஒன்றின் மூலம் விற்றதற்காக 2024இல் அமெரிக்க வணிக ஆணைக்குழு அவாஸ்ட் நிறுவனத்திடம் 16.5 மில்லியன் டொலர் வசூலித்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

அதைவிட, விண்டோஸையே கள்ளச் சாவியால் திறந்து தந்திருக்கிறாரா என்று மெதுவாகக் கேளுங்கள். அந்தத் திறப்பு நிரல்களைப் பெரும்பாலான வைரஸ் கார்ட்டுகள் பிடிக்கும். பிடிக்காமலிருக்க “இந்தக் கோப்புறையை விட்டுவிடு” என்று விலக்குப் போட்டுவிடுவார்கள். அந்த விலக்குக்குள் வேறு எது வந்து குடியிருந்தாலும் யாருக்கும் தெரியாது. மென்பொருளுக்கும் பதிப்புரிமை உண்டென்று 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் சொல்வதால், பிரச்சினை உங்கள் மாமாவின் பெயரில் வரும், தம்பியின் பெயரில் அல்ல. தம்பியைத் தள்ளிவிட வேண்டாம். கணினிகளைத் துப்புரவாக்கி மீள நிறுவும் வேலையைக் கூலி பேசி அவரிடமே கொடுங்கள்.

உறவுப் பையன் சொன்னது பாதி சரி. விண்டோஸோடு வரும் டிஃபென்டரின் பிடிக்கும் திறன் இன்று கட்டண மென்பொருள்களோடு போட்டியிடும் தரத்தில்தான் இருக்கிறது. முன்பு இருந்த இளக்காரம் இப்போது பொருந்தாது. குறைவது முகாமைத் திரை. அதையும் மைக்ரோசாஃப்ட் ‘டிஃபென்டர் ஃபோர் பிசினஸ்’ என்ற பெயரில் 300 பேர் வரையான நிறுவனங்களுக்கு விற்கிறது. ஒரு பாவனையாளர் உரிமத்தில் ஐந்து சாதனங்கள் வரை சேர்க்கலாம். ஆனால் விண்டோஸ் ஹோம் பதிப்பு அதற்கு ஆகாது, ப்ரோ வேண்டும். கடைகளில் வாங்கிய மடிக்கணினிகளில் பெரும்பாலும் ஹோம்தான் இருக்கும், எண்ணிப் பாருங்கள்.

அப்படி எண்ணும்போதே விண்டோஸ் 10 எத்தனை என்றும் எண்ணுங்கள். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. நிறுவனங்கள் காசு கொடுத்து நீட்டிக்கலாம்: முதல் ஆண்டு கணினிக்கு 61 டொலர், பிறகு ஆண்டுக்காண்டு இரு மடங்கு, மூன்று ஆண்டுக்கு மேல் இல்லை. டிஃபென்டரின் வைரஸ் பட்டியல் 2028 ஒக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருப்பதை வைத்து ‘அதுவரை பயமில்லை’ என்று எண்ண வேண்டாம். பட்டியல் வேறு, விண்டோஸின் ஓட்டையை அடைப்பது வேறு. 2017 மே 12இல் உலகை உலுக்கிய வன்னாக்ரை என்ற கப்ப வைரஸ் பாய்ந்த ஓட்டைக்கு அந்த மார்ச் மாதமே திருத்தம் வந்துவிட்டிருந்தது. போடாதவர்கள்தான் அகப்பட்டார்கள். பழைய கணினிகளில் நான்கைந்தை மாற்றுவதா, 19க்கும் விலை கூடிய வைரஸ் கார்ட் வாங்குவதா என்று மாமா கேட்டால், கணினியை மாற்றச் சொல்லுங்கள்.

மாமாவின் ‘பெரிய நிறுவனம்’ என்ற அளவுகோலைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிதாக இருப்பதும் காப்பு அல்ல. 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பெரிய கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரே ஒரு புதுப்பிப்பால் உலகம் முழுவதும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன, பல விமானங்கள்கூடப் பறக்கவில்லை. பல இடங்களில் ஒவ்வொரு கணினியாகப் போய்க் கையால் திருத்த வேண்டியிருந்தது.

மேகத்திலா, மூலைச் சேர்வரிலா?

“எங்கள் சேர்வரிலேயே வைத்தால்தான் பாதுகாப்பு, இணையம் அறுந்தால் மேகத்தில் இருப்பது வேலை செய்யாதே” என்று எழுதியிருக்கிறீர்கள். மேகம் என்பது முகாமைத் திரை உங்கள் அலுவலகத்தில் இல்லாமல், மென்பொருள் நிறுவனத்தின் கணினிகளில் இருந்து இணையம் வழியே திறப்பது. நீங்கள் நினைப்பது அப்படியல்ல. காவல் செய்வது ஒவ்வொரு கணினியிலும் இருக்கும் மென்பொருள். இணைப்பு இல்லாத நேரத்தில் கடைசியாக வந்த விதிகளோடும் பட்டியலோடும் அது வேலை செய்துகொண்டேயிருக்கும். அறிக்கை மட்டும் பிந்தி வரும். மாறாக, முகாமைத் திரையை உங்கள் சேர்வரில் வைத்தால், அதைப் பராமரிப்பதும் புதுப்பிப்பதும் உங்கள் தலையில். மின்சாரம் போனால் அதுவும் படுத்துவிடும். மல்லாவியும் புதுக்குடியிருப்பும் அதை அடைய ரவுட்டரில் இன்னொரு பொட்டு வேண்டும். உங்கள் அளவுக்கு மேகம்தான் சரி.

கிளைகள் கைபேசி இணைப்பில் ஓடுவதால் தரவு தீர்ந்துவிடும் என்ற பயம் நியாயமானது. ஒரு கணினி புதுப்பிப்பை இறக்கி, அதே இடத்திலுள்ள மற்றவற்றுக்குப் பகிரும் வசதி பிட்டிஃபென்டர், ஈசெட், சோஃபோஸ் ஆகிய மூன்று வைரஸ் கார்ட்டுகளின் நிறுவனப் பதிப்புகளிலும் உண்டு. பரந்தனில் அதை வையுங்கள். இரண்டு கணினி இருக்கும் கிளைக்கு அது தேவையில்லை, கடை பூட்டும் நேரத்துக்குப் புதுப்பிப்பை ஒதுக்கினால் போதும்.

மேகத்திலுள்ள திரைக்கு இரட்டைச் சரிபார்ப்பு, அதாவது கடவுச்சொல்லோடு கைபேசியிலும் உறுதிசெய்வது, இல்லாமல் ஒருநாளும் இருக்காதீர்கள். 19 கணினிகளுக்கும் கட்டளையிடும் சாவி அது. 2021 ஜூலையில் கசேயா நிறுவனத்தின் தொலை முகாமை மென்பொருளிலிருந்த ஓட்டை வழியாகக் கப்பக்காரர்கள் புகுந்தபோது, சுவீடனில் கூப் நிறுவனத்தின் ஏறத்தாழ 800 கடைகள் காசு வாங்க முடியாமல் கதவை மூடின. அதுவும் ‘மையமாக முகாமைசெய்யும்’ மென்பொருள்தான்.

கொழும்பு விலைத்தாளில்

வாக்களித்த பெயருக்கு வருகிறேன். நான் இவற்றில் எதையும் விற்பவன் அல்ல. மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் சந்தா ஏற்கெனவே இருந்தால் டிஃபென்டர் ஃபோர் பிசினஸ் அதற்குள்ளேயே இருக்கிறது, வேறு வாங்க வேண்டாம். இல்லாவிட்டால் ஈசெட் புரொடெக்ட் அல்லது பிட்டிஃபென்டர் கிராவிட்டிசோன். நினைவகம் குறைந்த பழைய கணினிகளில் ஈசெட் பாரமில்லாமல் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். உங்களிடம் அப்படிப்பட்டவை அதிகம். இன்ஸ்புருக்கிலுள்ள ஏவி-கம்பரேட்டிவ்ஸ், மக்டபேர்க்கிலுள்ள ஏவி-டெஸ்ட் ஆகிய ஆய்வுக்கூடங்களின் அறிக்கைகளை உறவுப் பையனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பிடிக்கும் வீதத்தில் எல்லாம் ஏறத்தாழச் சமமாக இருக்கும். கணினியை எவ்வளவு மந்தமாக்குகிறது, நல்ல கோப்பை வைரஸ் என்று எத்தனை முறை பிடித்தது என்ற இரண்டு வரிசைகளைப் பாருங்கள்.

முகவரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: முகாமைக் கணக்கு எந்த மின்னஞ்சலில் பதியப்படும்? அது நிறுவனத்தின் மின்னஞ்சலாக இருக்க வேண்டும், முகவருடையதாகவோ தம்பியுடையதாகவோ அல்ல. சேர்வர் என்று சொல்லும் கணினியில் உண்மையாகவே விண்டோஸ் சேர்வர் பதிப்பு இருக்கிறதா? இருந்தால் சில நிறுவனங்கள் அதற்குத் தனி உரிமம் கேட்கும். வெறும் விண்டோஸ் ப்ரோ என்றால் அந்தக் காசை யாரும் கேட்கக் கூடாது. நான்காம் ஆண்டு புதுப்பிப்பு விலை என்ன? டொலர் 2022இல் சில வாரங்களுக்குள் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை போனதை நாம் கண்டவர்கள். மூன்று ஆண்டு உரிமத்தை இன்றைய ரூபாயில் கட்டுவதில் அந்த வகையில் நியாயம் உண்டு. ஆனால் 30 நாள் பரீட்சார்த்தம் முடியும் வரை காசோலை எழுத வேண்டாம்.

நிறுவ வருபவர், கணக்கு மென்பொருள் மந்தமாகிறது என்று ஓர் இயக்ககம் (டிரைவ்) முழுவதற்கும் விலக்குப் போடப் பார்ப்பார். விடாதீர்கள். அந்த மென்பொருளின் தரவுக் கோப்புறைக்கு மட்டும் விலக்குப் போதும்.

ஊழியர்கள் கேட்பது

வட்ஸ்அப் செய்தியின் உள்ளடக்கம் இந்தத் திரையில் வராது. ஆனால் ‘ஒன்றும் தெரியாது’ என்று சொல்லிச் சமாதானப்படுத்துவதும் பொய். பிடிபட்ட கோப்பின் பெயர், செருகிய பென்ட்ரைவ், தடுக்கப்பட்ட இணையத்தளம் ஆகியவை பாவனையாளரின் பெயரோடும் நேரத்தோடும் பதிவாகும். இணையத்தளக் கட்டுப்பாட்டை முழுமையாக இயக்கினால் போன தளங்களும் தெரியக்கூடும். எதைப் பதிவுசெய்கிறோம், ஏன், யார் பார்ப்பார்கள் என்று ஒரு பக்கம் தமிழில் எழுதி எல்லோரிடமும் கையொப்பம் வாங்குங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையும் இதுதான்: நோக்கத்தைச் சொல், அதற்கு மேல் சேர்க்காதே. அதே சட்டத்தின் கண்ணில், உங்களிடம் நெல் விற்கும் விவசாயியின் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கும் நீங்கள் காக்க வேண்டிய தரவுகள். மாமாவுக்குத் திரையின் கடவுச்சொல் வேண்டாம். மாத அறிக்கை போதும். இதை நான் சொன்னதாகவே அவரிடம் சொல்லுங்கள்.

பிரதி எங்கே?

உங்கள் கடிதம் முழுவதிலும் காப்புப்பிரதி என்ற சொல்லே இல்லை. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்க மேகக் கணிமை மீது கப்பத் தாக்குதல் நடந்தபோது, அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச அலுவலகங்கள் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களை இழந்தன. அந்தக் காலத்துக்குத் தனியே கழற்றி வைத்த பிரதி இல்லை. அங்கேயே அப்படியென்றால் ஆலை எம்மாத்திரம்? இரண்டு வன்தட்டுகள் வாங்குங்கள். ஒன்றில் வெள்ளி மாலை பிரதி எடுத்து, கழற்றி, வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அடுத்த வெள்ளி மற்றதில். சேர்வரிலேயே செருகியபடி விட்ட வன்தட்டைக் கப்ப வைரஸ் முதலில் தின்னும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பையாவது திருப்பி எடுத்துத் திறந்து பாருங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் ரவுட்டரின் வழியை மூடுவது. அடுத்தது பிரதி. பிறகு மல்லாவி: உங்களிடமுள்ள மிக மந்தமான கணினி அங்கேதான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், பரீட்சார்த்தப் பதிப்பை அதிலேயே போடுங்கள். பழைய வைரஸ் கார்ட்டை அதன் நிறுவனமே தரும் நீக்கும் கருவியால் முற்றாக எடுத்த பிறகுதான் புதியதை நிறுவ வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும். அங்கே இரண்டு வாரம் ஓடிய பின் புதுக்குடியிருப்பு, தலைமை அலுவலகம், கடைசியாகப் பரந்தன் தராசடிக் கணினி. சிறுபோக நெல் வரத் தொடங்குமுன் முடித்துவிடுங்கள். முடித்த பிறகும் தராசுக்குப் பக்கத்தில் கார்பன் தாளோடு ஒரு கைச்சிட்டைப் புத்தகம் இருக்கட்டும்.